மலைப்பயணப் பையில் தண்ணீருக்கே முதலிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கும்போதெல்லாம், மலையேற்றத்துக்கும் கூடாரத்தில் தங்குவதற்கும் என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல்கள் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் வலம்வரத் தொடங்கிவிடுகின்றன. தங்கள் நாளிதழின் விடுமுறைச் சிறப்புப் பக்கத்திலும் அப்படியொரு பட்டியலைக் கண்டேன். அதில் இருந்த பொருள்களில் எதையும் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவற்றில் பாதி, பனிமலையில் பல நாள் நடப்பவருக்கு உரியவை. மேலகிரியிலும் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் ஒரு பகலோ ஓர் இரவோ கழிக்கப்போகும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றினால், தேவையில்லாத சுமையோடு கிளம்பி, தேவையான ஒன்றைக் குறைவாகவே கொண்டுபோவார்கள். அந்த ஒன்று தண்ணீர். பள்ளிச் சாரணர் இயக்கத்தோடு நெடுங்காலம் தொடர்புடையவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நம் பகுதி மலைகளில் பெரும்பாலும் இருப்பவை இலையுதிர்க் காடுகளும் முட்புதர்க் காடுகளும்தான். நீலகிரியிலோ வால்பாறையிலோ நடப்பதுபோல, வழியில் எங்காவது ஓடை குறுக்கிடும், குப்பியை நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பி இங்கே இறங்க முடியாது. ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும் சின்னாறே கோடையில் பல இடங்களில் வெறும் மணலாகக் கிடக்கும்போது, மலைச்சரிவின் சிற்றோடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கியிருக்கும் சில குட்டைகளும், கோடையில் வனத்துறையினர் நிரப்பிவைக்கும் தொட்டிகளும் யானைகளுக்கும் மற்ற விலங்குகளுக்கும் உரியவை. தாகத்தோடு வரும் யானையும் தாகத்தோடு வரும் மனிதரும் சந்தித்துக்கொள்ளக் கூடாத இடம் அது. ஆகவே நடைக்குத் தேவையான தண்ணீரைப் பெரும்பாலும் நாமே சுமந்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. கூடாரத்தை இலேசாக்கிவிட்டார்கள், காலணியை இலேசாக்கிவிட்டார்கள், தண்ணீரை இலேசாக்க மட்டும் எந்த நிறுவனத்தாலும் முடியவில்லை. வெயிலில் ஏற்றம் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டராவது வேண்டியிருக்கும். ஆறு மணி நேர நடை என்றால் மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. நம்மில் பெரும்பாலோர் துணிமணியையும் தின்பண்டத்தையும் அடுக்கி முடித்துவிட்டு, பையின் பக்கவாட்டில் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு குப்பியைச் செருகிக்கொண்டு புறப்படுகிறோம். இந்த வரிசையை அப்படியே மாற்ற வேண்டும். முதலில் நடையின் நேரத்தைக் கணக்கிட்டுத் தண்ணீரை வைத்துவிட்டு, அதன்பின் எவ்வளவு எடைக்கு இடம் மிஞ்சுகிறதோ அதற்குள் மற்ற அனைத்தும் அடங்க வேண்டும்.

இடம் எவ்வளவு மிஞ்சும்? பல நாள் நடைக்கு முதுகுச்சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கையும், ஒரு நாள் நடைக்குப் பத்தில் ஒரு பங்கையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மலையேற்றத்தில் தேர்ந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் நடையில் ஆறு கிலோ. அதில் மூன்று கிலோ தண்ணீருக்கே போய்விடுகிறது. பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் இறுக்கமானது. புத்தகப்பை மாணவரின் உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை சுமக்கும் பைக்கே இந்த வரம்பு என்று வாதாடும் நாம், அதே பிள்ளையின் முதுகில் மலையேற்றத்துக்கு எட்டு, ஒன்பது கிலோவை ஏற்றி அனுப்பிவிட்டு, பையன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான் என்றால் சத்துக்குறைவு என்கிறோம். நாற்பது கிலோ எடையுள்ள மாணவருக்கு நான்கு கிலோதான் வரம்பு. இரண்டரை லிட்டர் தண்ணீர் போக, மற்றவற்றுக்கு ஒன்றரை கிலோ.

அண்மையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் புறப்பட்ட ஒரு மாணவர் குழுவுக்குத் துணையாகச் செல்ல நேர்ந்தபோது, ஒரு மாணவரின் பையை அவர் சம்மதத்தோடு பள்ளித் திண்ணையில் கொட்டி, பக்கத்து மளிகைக் கடையில் இரவல் வாங்கிய தராசில் ஒவ்வொரு பொருளாக நிறுத்துப் பார்த்தோம். ஜீன்ஸ் கால்சட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றும் அறுநூறு கிராமுக்கு மேல். குளித்துத் துவட்டுவதற்கு என்று கனத்த டர்க்கி டவல் ஒன்று. ஒரு மாதத்துக்குப் போதுமான ஷாம்பூக் குப்பி, முகப்பவுடர் டப்பா, தேங்காய் எண்ணெய். வீட்டில் சுட்ட முறுக்கு நிறைந்த எவர்சில்வர் டப்பா. முறுக்கைவிட டப்பாவின் எடை கூடுதலாக இருந்ததைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பஞ்சு ரஜாய். தண்ணீர் எங்கே என்று தேடியபோது, அரை லிட்டர் கொள்ளும் இரட்டைச்சுவர் எஃகுக் குப்பி ஒன்று கிடைத்தது. வெறும் குப்பியே முந்நூறு கிராம் அளவுக்கு இருந்தது. அந்த மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. என்ன கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் தந்த தாளில் பொருள்களின் பெயர் இருந்ததே தவிர, மொத்தம் எத்தனை கிலோ என்ற வரி இல்லை. முறுக்கை உறைக்கு மாற்றி, டப்பாவைத் திண்ணையில் விட்டு, ஜீன்ஸையும் ரஜாயையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பையில் மூன்று லிட்டர் தண்ணீருக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. தண்ணீருக்கு எஃகுக் குப்பியைவிட, திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தக்க தடித்த பிளாஸ்டிக் குப்பிகள் எடையில் பாதிகூட இரா. ஒரே பெரிய குப்பியாக இல்லாமல் இரண்டு, மூன்றாகப் பிரித்து வைத்தால், ஒன்று உடைந்தாலும் கசிந்தாலும் மற்றவை கைகொடுக்கும்.

உடையைப் பொறுத்தவரை, பருத்தியே கூடாது என்று வெளிநாட்டு மலையேற்றக் குறிப்புகளில் கண்டதை இங்கே பலரும் மந்திரமாகச் சொல்கிறார்கள். அது குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்துக்கு உரிய விதி: நனைந்த பருத்தி எளிதில் உலராது, உடற்சூட்டை இழுத்துவிடும். பங்குனி வெயிலில் தீர்த்தமலைப் படியேறும் ஒருவருக்கு வியர்வை மெல்லக் காயும் மெல்லிய பருத்திச் சட்டை நன்மையே செய்யும். ஆனால் இரவு தங்குவதானால், வியர்வையில் நனைந்த அதே சட்டையோடு படுக்கக் கூடாது. போட்டிருப்பது ஒன்று, உறையில் உலர்வாகக் கட்டிவைத்த மாற்றுடை ஒன்று, அதற்குமேல் எதுவும் வேண்டாம். கால்சட்டை இலேசான, விரைவில் காயும் துணியில், கணுக்கால்வரை மூடுவதாக இருக்க வேண்டும். முள்ளுக்கும் உண்ணிக்கும் அரைக்கால்சட்டை ஈடுகொடுக்காது. காலுறைக்கு மட்டும் கஞ்சம் பிடிக்க வேண்டாம். ஈரமான காலுறையில் பிறக்கும் கொப்புளம் நடையையே நிறுத்திவிடும் என்பதால், ஒரு மாற்று இணை கட்டாயம். பயணத்துக்கென்றே முதல்நாள் வாங்கிய புதுக் காலணியைவிட, வீட்டைச் சுற்றிச் சில வாரங்கள் நடந்து பழகிய காலணி மேல்.

டர்க்கி டவலுக்கு மாற்றாக எந்தக் கடையிலும் சிறப்புப் பொருள் தேட வேண்டியதில்லை. நம் வீடுகளில் இருக்கும் ஈரிழைத் துண்டு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கும் வராது. வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தலைக்கு முண்டாசாகவும், கலங்கிய தண்ணீருக்கு வடிகட்டியாகவும், கை பிசகினால் கழுத்தில் தூளியாகவும் பயன்படும். காட்டு வேலைக்குப் போகும் எவரும் துண்டு இல்லாமல் புறப்படுவதில்லை. மலையேற்றப் பட்டியல் எழுதுவோர் இதை ஏனோ கவனிப்பதில்லை.

இரவுக் குளிரைப் பற்றி இரண்டு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. தருமபுரி நகரத்து வெயிலைப் பார்த்துவிட்டு ஒன்றுமே எடுக்காதவர்களும் உண்டு. வீட்டிலிருக்கும் சோலாப்பூர் போர்வைகளையெல்லாம் மூட்டை கட்டுபவர்களும் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரம் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மேலகிரியின் உச்சிகள் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுபவை. மார்கழி, தை மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தின் பனி எப்படிப்பட்டது என்று அங்குள்ளோர் அறிவர். அந்தக் குளிருக்கு ஒரு கனத்த போர்வையைவிட, முழுக்கைப் பனியன், மெல்லிய கம்பளிச் சட்டை, காற்றைத் தடுக்கும் மேற்சட்டை என்று அடுக்கடுக்காக அணிவதே எடை குறைந்த வழி. தலையையும் காதையும் மூடும் குல்லாய் நூறு கிராம்கூட இராது. படுக்கும்போது மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிப்பதும் முக்கியம். தரை உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுருட்டி எடுத்துச்செல்லும் நுரைப்பாய் இருந்தால், தூக்கப்பையின் தடிமனைக் குறைத்துக்கொள்ளலாம். கூடாரம் சொந்தமாகக் கொண்டுபோவதானால், இருவர் தங்கும் கூடாரத்தின் கம்பியை ஒருவரும் துணியை மற்றவரும் சுமக்கலாம். தங்குமிடத்திலேயே கூடாரம் தருகிறார்களா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டால் அந்தச் சுமையும் இல்லை.

சாப்பாட்டில்தான் எடை கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறது. வேகவைத்த சோற்றில் பெரும்பங்கு தண்ணீர். நூறு கிராம் சோறு தருவது ஏறத்தாழ 130 கிலோகலோரி, நூறு கிராம் வேர்க்கடலை தருவது ஏறத்தாழ 560. முதல்வேளைக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போவதில் குற்றமில்லை. நல்லெண்ணெயும் புளியும் சேர்ந்த அது மாலைவரை கெடாது. அதற்கடுத்த வேளைகளுக்கு வறுத்த வேர்க்கடலை, கடலை உருண்டை, பேரீச்சை, வெல்லம் சேர்த்து வறுத்த ராகி மாவு, அவல் ஆகியவை போதும். கெட்டி அவலைத் தண்ணீரில் ஊறவைத்து வெல்லத்தோடு சாப்பிட அடுப்பே தேவையில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் இரு மாவட்டங்களிலும் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரின சரணாலயங்கள் பரந்துகிடக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், அணையாத நெருப்பை விட்டுவருவதும் குற்றம். எனவே காட்டுநடைக்கு அடுப்பு, எரிவாயுக் குப்பி, வாணலி, குக்கர் எதுவுமே பையில் இருக்கக் கூடாதவை. பார்பிக்யூ கம்பிகளோடு வந்து இறங்குவோரைப் பார்க்கும்போது சட்டத்தைவிடத் தராசைக் காட்டினால் கேட்பார்களோ என்று தோன்றுகிறது. மணம் வீசும் பலாச்சுளை, வாழைப்பழம், கரும்பு, கருவாடு ஆகியவற்றையும் தவிர்ப்பது நல்லது. யானையும் கரடியும் உலவும் காட்டருகே கூடாரத்துக்குள் எந்த உணவையும் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. பகலில் குரங்குகளிடமிருந்து பையைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது ஒகேனக்கல் போய்வந்த எல்லாருக்கும் தெரியும்.

தீ மூட்டக் கூடாது என்றால் தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் முடியாது. எடுத்துச்சென்றது தீர்ந்து, கிராமத்துக் குழாயிலோ கிணற்றிலோ நிரப்ப நேர்ந்தால், குளோரின் மாத்திரை கைகொடுக்கும். அதன் எடை ஒரு பொருட்டே அல்ல. கலங்கல் தண்ணீரை முதலில் துண்டில் வடிகட்டி, மாத்திரையிட்டு, உறையில் குறித்துள்ள நேரம், பொதுவாக அரை மணி, காத்திருந்து குடிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றிச் சிலர் கவலைப்பட்டு, பெரிய வடிகட்டிக் கருவிகளைச் சுமந்து வருகிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரக் காரணமாக இருந்த அந்தச் சிக்கல் உண்மைதான். கொதிக்கவைத்தாலும் குளோரின் இட்டாலும் ஃபுளோரைடு போகாது என்பதும் உண்மைதான். ஆனால் பல்லையும் எலும்பையும் அது பாதிப்பது ஆண்டுக்கணக்கில் குடிப்பதால்; ஒரு நாள் பயணத்தில் அஞ்ச வேண்டியது கிருமியைத்தான்.

மருந்துப்பை உள்ளங்கையில் அடங்கும் அளவு போதும்: அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, காய்ச்சல் மாத்திரை, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள கிரேப் கட்டு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். 20.5 கிராம் எடையுள்ள பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கொட்டிக் குடித்தால் நன்மைக்குப் பதில் தீங்கே வரும். மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து எடுப்போர், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியை விட்டுவிடக் கூடாது. பாம்புக்கடிக்கு என்று இணையத்தில் விற்கும் உறிஞ்சுகருவி, பிளேடு, இறுக்கும் கயிறு ஆகியவை பயனற்ற சுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கடிபட்டவரை அசையவிடாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே சிகிச்சை. அஞ்செட்டிக் காட்டின் பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது என்பதால், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தொடர்பு இல்லாத இடத்தில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் மின்கலம் நீடிக்கும். இரண்டு பவர்பேங்க் தேவைப்படாது. வெளிச்சத்துக்கு, கைகள் இரண்டையும் விட்டுவைக்கும் தலைவிளக்கு ஒன்று. மாதவிலக்குக் காலப் பொருள்களைப் பெண்கள் தயங்காமல் எடுத்துச்செல்லவும், பயன்படுத்தியதைப் புதைக்காமல் இறுகமூடும் உறையில் திருப்பிக் கொண்டுவரவும் வழிநடத்துவோர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பையை அடுக்கும் முறையும் எடையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. படுக்கை அடியில், தண்ணீரும் உணவும் நடுவில், முதுகை ஒட்டி, மழைச்சட்டை மேலே. கனமான பொருள் முதுகிலிருந்து விலகிப் பின்னுக்குப் போகப்போக, அது உடலைப் பின்னால் இழுக்கும். நடப்பவர் முன்னால் குனிந்தே ஏற வேண்டிவரும். இடுப்புப்பட்டையை இறுக்கிச் சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பில் இறக்க வேண்டும். பட்டை தொங்கவிட்டபடி நடப்பவர்களைத்தான் எங்கும் பார்க்கிறேன். பையின் உட்புறத்தில் தடித்த பாலித்தீன் உறை ஒன்றை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்தால் எந்த மழைக்கும் உள்ளே நனையாது. திரும்பும்போது அதுவே குப்பைப்பை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளதால், பிளாஸ்டிக் தட்டு, குவளை, மெல்லிய பைகளை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

எப்போது போவது என்பதும் சுமையை முடிவுசெய்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 23 பேர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. 2024-இல் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அய்யூர்ப் பகுதியும் அடங்கும். காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்த வழித்தடங்கள் மூடப்பட்டன. அரையாண்டு விடுமுறையிலோ பொங்கலையொட்டியோ முன்பதிவு செய்து போவோருக்கு வெயிலும் குறைவு, தண்ணீர்ச் சுமையும் குறைவு. கோடையில்தான் போக முடியும் என்பவர்கள் அதிகாலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியும் குறுகிய நடையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பள்ளி, கல்லூரிகளுக்கும் சுற்றுலா அழைத்துச்செல்வோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: பொருள்பட்டியலின் தலைப்பில் தண்ணீரின் அளவையும், அடியில் மொத்த எடை வரம்பையும் அச்சிடுங்கள்; புறப்படும் இடத்தில் ஒரு தராசு வையுங்கள்; வரம்பைத் தாண்டிய பை வண்டியிலேயே தங்கட்டும். தங்கள் நாளிதழும் அடுத்த விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில், நம் வறண்ட மலைகளுக்கென்று, ஒவ்வொரு பொருளின் எதிரிலும் கிராம் கணக்கு இட்ட பட்டியல் ஒன்றை மாவட்ட வனத்துறையினரிடம் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.